தீவாந்தரம்: பாகாலாவிலிருந்து கரீபியக் கடற்கரை வரை

'தீவாந்தரம்' என்னும் சொல் இன்று ஏறத்தாழ வழக்கிழந்துவிட்டது. நூறாண்டுகளுக்கு முன்பு பாகாலா வட்டாரத்தில் தமிழ் பேசியவருக்கும் தெலுங்கு பேசியவருக்கும் அது ஒன்றுபோலப் புரிந்திருக்கும். வடமொழியின் 'த்வீபாந்தரம்' தமிழில் 'தீவாந்தர சிட்சை' என்றும், தெலுங்கில் 'த்வீபாந்தரவாச சிட்ச' என்றும் வழங்கியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நாடுகடத்தலைத் தண்டனைகளுள் ஒன்றாக வகுத்திருந்தது. அத்தண்டனைக்கு மக்கள் வாயில் நிலைபெற்ற பெயர் இது. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டதும் இதுவே. ஆக, அக்காலத்துப் பேச்சில் தீவு என்பது ஓய்வெடுக்கச் செல்லும் இடமன்று. திரும்பி வர முடியாத இடத்துக்கு இடப்பட்ட பெயர்.

இன்று சித்தூரிலோ திருப்பதியிலோ இருக்கும் ஓர் இளைஞர் கைப்பேசியில் பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா ஆகியவற்றின் வெண்மணற் கரைகளைக் காண்கிறார். 'நினைத்தவுடன் புறப்படுங்கள்' என்பதே அவ்விளம்பரங்களின் பொதுவான தொனி. திட்டமிடாமல், யாரிடமும் சொல்லாமல், ஒரு பையுடன் கிளம்பிவிடுவதில் ஒரு விடுதலையுணர்வு இருப்பதாக அவை சொல்கின்றன. இந்த வட்டாரத்திலிருந்து கரீபியத் தீவுகளுக்கு அவ்வாறு திடீரெனப் புறப்பட்டவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள் என்பதும், அவர்களது புறப்பாட்டின் விரைவே பின்னர் அவர்களுக்கு எதிரான சான்றாக மாறியது என்பதும் அதிகம் பேசப்படாதவை. ஒப்பந்தக் கூலி முறையின் வரலாற்றை எண்ணிக்கைகளின் வரலாறாக எழுதியது போதும். 'விருப்பம்', 'கரை', 'திரும்புதல்' ஆகிய மூன்று சொற்களின் வழியாகவும் அதை எழுதலாம்.

முதலில் இடம். பாகாலா கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். பின்னாளில் ரயில்வே சந்திப்பு என்றே பெயர்பெற்ற பாகாலாவுக்கு ரயில் வந்தது 1890களின் தொடக்கத்தில், விழுப்புரத்திலிருந்து தர்மாவரம் செல்லும் மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டபோது. இந்தத் தேதி முக்கியமானது. பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளுக்குத் தென்னிந்தியர்கள் சென்ற காலம் 1853இல் தொடங்கி 1888இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் தடையுடன் முடிவுக்கு வருகிறது. அதாவது, பாகாலாவுக்குத் தண்டவாளம் வருவதற்குள் அந்தக் கடல்வழி அடைபட்டுவிட்டது. இப்பகுதியிலிருந்து போனவர்கள் நடந்துதான் போயிருக்க வேண்டும். அல்லது 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னகத்தின் முதல் ரயில் பாதை வரையிலாவது நடந்திருக்க வேண்டும். இடம்பெயர்வை ரயில்தான் உண்டாக்கியது என்னும் எளிய விளக்கம் இங்கே பொருந்துவதில்லை. பசிக்குத் தண்டவாளம் தேவைப்படவில்லை.

அளவை மிகைப்படுத்தலாகாது. சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் சென்றது இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும். ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசுக்கும், 1860 முதல் நத்தாலுக்கும், 1903 முதல் ஃபிஜிக்கும் சென்றவர்களில் வட ஆர்க்காட்டினர் கணிசமானோர். கரீபியத்தைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் காலனிகளான டிரினிடாட், கயானா, ஜமைக்கா ஆகியவற்றுக்குக் கல்கத்தாவே பெருவாயில். சென்னையிலிருந்து 1840களின் நடுப்பகுதியிலும் 1850களிலும் கப்பல்கள் சென்றன, பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் சிறிதளவு. செயின்ட் வின்சென்ட் தீவுக்கு 1861 ஜூன் 1 அன்று இந்தியர்களை முதன்முதலாகக் கொண்டுசேர்த்த 'திருவிதாங்கூர்' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டதே. ஆனால் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் பெரும்பான்மையாகச் சென்றடைந்த தீவுகள் பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக்கும் குவாதலூப்பும்தான். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். கப்பல் ஏறிய துறைகள் பாண்டிச்சேரியும் காரைக்காலும். 1848இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியின் மக்கள்தொகை அதற்குப் போதாது. எனவே 1861 ஜூலை 1 அன்று பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரெஞ்சு முகவர்கள் பிரிட்டிஷ் இந்திய மாவட்டங்களுக்குள் ஆள் சேர்க்க வழிவிட்டது. அந்த உடன்படிக்கைக்குப் பின்னரே வட ஆர்க்காடு போன்ற உள்நாட்டு மாவட்டங்கள் சட்டப்படியான ஆள்சேர்ப்புப் பரப்புக்குள் வருகின்றன.

இனி 'விருப்பம்'. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் கடுமையாகத் தாக்கியது. 1877இன் தொடக்கத்தில் பஞ்ச ஆணையராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். அது நாள் முழுதும் மண் சுமப்பவருக்குப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். இந்த வாதம் நடந்துகொண்டிருந்தபோது சந்தைகளிலும் சத்திரங்களிலும் யாத்திரைத் தலங்களின் வழிகளிலும் மேஸ்திரிகள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு முன்பணம் கொடுப்பார். டிப்போவில் இருவேளைச் சோறு கிடைக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்கு, பெண்ணுக்குப் பத்து பிராங்கு, ஒப்பந்தம் முடிந்ததும் கட்டணமின்றித் திரும்பும் உரிமை. எங்கே என்பதற்கு மேஸ்திரி சொன்ன விடை கேட்பவருக்குப் புரியும்படி இருந்திருக்க வாய்ப்பில்லை. பிரான்சுக்குச் சொந்தமான தீவு, கரும்பு வெட்டும் வேலை என்பதற்கு மேல் குவாதலூப்பைத் தமிழிலோ தெலுங்கிலோ விளக்கச் சொற்கள் இருக்கவில்லை. வடஇந்தியக் கூலிகள் டிரினிடாடைச் 'சீனிதாத்' என்று தம் காதுக்கேற்ப மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். சீனி என்றால் சர்க்கரை. இனிப்பான பெயர்தான். தமிழில் கிடைத்ததோ 'அக்கரைச் சீமை' என்னும் பொதுச்சொல் மட்டுமே. மலாயாவும் அக்கரை, மார்த்தினிக்கும் அக்கரை. சில நாள் தூரத்தையும் மூன்று மாத தூரத்தையும் பிரித்துக்காட்டாத சொல் அது.

இந்த மக்களிடம் சட்டம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது: விருப்பத்துடன் போகிறாயா? பதிவு அதிகாரி முன்பும், துறைமுகத்தில் குடியேற்றப் பாதுகாவலர் முன்பும் இக்கேள்வி எழுந்தது; 1883ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் இதை இன்னும் விரிவான சடங்காக்கியது. பிற்காலத்தில் சென்னையிலிருந்து ஃபிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம், உயரம் ஆகியவற்றுக்கான கட்டங்களை எழுத்தர் கையால் நிரப்பியிருப்பார். ஆனால் அந்நாட்டுக்குச் சென்று கூலிக்கு உழைக்க விருப்பமுள்ளவர் என்னும் வாசகம் மட்டும் கையால் எழுதப்பட்டதன்று, முன்கூட்டியே அச்சிடப்பட்டது. மனிதருக்கு மனிதர் மாறக்கூடியவை என்று அரசு கருதியவை உயரமும் தழும்பும். விருப்பம் மாறாதது, எனவே அச்சில் இருந்தது. ஆவணங்களை வாசிப்பவர் இந்த வேறுபாட்டைக் கடந்து போய்விடக் கூடாது.

வரலாற்றாய்வாளர்கள் இங்கே இரு முகாம்களாகப் பிரிந்தார்கள். 1974இல் வெளிவந்த ஹியூ டிங்கரின் நூல் ஒப்பந்த முறையை ஒரு புதிய அடிமை முறை என்றது. அதற்குப் பின்வந்த பலர், பிரிஜ் லால் உட்பட, புறப்பட்டவர்களை வெறும் ஏமாளிகளாகக் காட்டுவது அவர்களின் முடிவெடுக்கும் ஆற்றலை மறுப்பதாகும் என்றார்கள். பலர் தம் ஊரை விட்டு ஏற்கெனவே வேலை தேடி வெளியேறியிருந்தவர்கள், முகவரைச் சந்தித்தது வழியில்தான் என்றார்கள். இரண்டாவது கருத்தில் உண்மை உண்டு. கணவனை இழந்தவளாகவோ வீட்டை விட்டு வெளியேறியவளாகவோ சத்திரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு டிப்போ ஒரு தப்பிக்கும் வழியாகத் தோன்றியிருக்கலாம். கப்பலில் பெண்களுக்குக் குறிப்பிட்ட விகிதம் இருந்தாக வேண்டும் என்னும் விதி மேஸ்திரியை அவளைத் தேடிவரச் செய்தது. ஆனால் இவ்வாய்வுகள் வேகத்தைப் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை. திருப்பதி மலைக்குப் போகவோ, அறுவடைக் கூலிக்கு ஆர்க்காட்டுப் பக்கம் போகவோ வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய ஒருவர் சில நாள்களில் கப்பலில் இருக்க முடிந்தது என்றால், அது முடிவு அன்று. முடிவெடுப்பதற்கான கால அவகாசம் பறிக்கப்பட்ட நிலை. இன்றைய சுற்றுலா மொழி இதே வேகத்தைத்தான் இன்பம் என்று விற்கிறது. இரண்டு வேகங்களையும் வேறுபடுத்துவது பயணியின் மனநிலை அன்று, பையில் இருக்கும் திரும்பும் சீட்டு.

கரை என்னும் சொல்லுக்கு வருவோம். சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ அக்காலத்தில் இன்று நாம் கருதும் துறைமுகம் இல்லை. சென்னையில் இரும்புத் தூண்களின்மீது அமைந்த துறைமேடை 1861இல்தான் வந்தது. துறைமுகக் கட்டுமானம் 1870களில் தொடங்கி, 1881இன் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, அலையைக் கடந்து, கப்பலை எட்ட வேண்டும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இத்தகைய படகுக்கு வழங்கிய பெயர் தமிழின் 'சலங்கு' என்பதிலிருந்து வந்தது. உள்நாட்டு ஊரிலிருந்து வந்த ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட கடற்கரை, அநேகமாக, தாம் நாட்டை விட்டு ஏற்றப்பட்ட கரையாகவே இருந்திருக்கும். அங்கிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். அப்பயணத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்; இங்கே விரிக்க வேண்டியதில்லை.

1853 மே 6 அன்று 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் இந்தியர்களை மார்த்தினிக்கின் சென் பியேர் நகரில் இறக்கியது. அடுத்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாள்களில் அதே கப்பல் குவாதலூப்பின் புவாந்தா பித்ர் துறையை அடைந்தது. சென் பியேர் அன்று சிறிய பாரிஸ் என்று புகழப்பட்ட நகரம். 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்து, ஏறத்தாழ 28,000 பேருடன் அது சில நிமிடங்களில் அழிந்தது. தமிழர் கால்வைத்த முதல் பிரெஞ்சுக் கரீபிய நகரம் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடிபாடு.

இறங்கிய கரையில் அவர்கள் நிற்க முடிந்ததா என்பதே அடுத்த கேள்வி. பிரெஞ்சுத் தீவுகளிலும் பிரிட்டிஷ் தீவுகளிலும் சட்டத்தின் வடிவம் வேறு, சாரம் ஒன்று: ஒப்பந்தத் தொழிலாளி தம் தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கையில் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். இல்லையெனில் அவர் ஓடிப்போனவர் அல்லது நாடோடி. அபராதம், சிறை, ஒப்பந்தக் காலத்தில் கூடுதல் நாள்கள். பிரெஞ்சுத் தீவுகளில் முன்பு தப்பியோடிய அடிமைகளைக் குறித்த சொல்லே ஓடிப்போன கூலிக்கும் நீண்டது. கரீபியத் தீவில் கரை எங்கிருந்தும் தொலைவில் இல்லை. மார்த்தினிக்கின் வடக்கே பாஸ் புவாந்த் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு வேலைநாளில் அந்தக் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் இந்தியர், சட்டத்தின் பார்வையில், குற்றவாளி. இன்று ஒருவர் எந்தச் செயலுக்காகப் பல லட்சம் ரூபாய் செலவிட்டு அங்கே செல்கிறாரோ, அச்செயலுக்காகவே அன்று ஒருவர் சிறைக்குச் சென்றிருக்க முடியும்.

கூட்டமாகக் கரைக்குச் செல்வது இன்னும் ஆபத்தானது. டிரினிடாடில் மொகரம் நாளில் இந்துக்களும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்து தாசியாக்களைத் தூக்கிச் சென்று கடலில் கரைப்பது வழக்கமாகியிருந்தது. 1884இல் அரசு ஊர்வலங்கள் நகரங்களுக்குள் நுழைவதைத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று சான் பெர்னாண்டோவை நோக்கி, கடலுக்குச் செல்லும் வழியில் வந்த ஊர்வலங்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பலர் இறந்தனர், நூற்றுக்கும் குறையாதோர் காயமுற்றனர். அதே தீவில், ஒப்பந்த முறை ஒழிந்து வெகுகாலத்துக்குப் பின்னரும், கரையின் உரிமை யாருக்கு என்னும் சிக்கல் தொடர்ந்தது. சிவதாஸ் சாது என்னும் கரும்புத் தொழிலாளி வாட்டர்லூ என்னும் இடத்தில் கடலோரத்தில் ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரை நிறுவனத்துடையது என்று அது இடிக்கப்பட்டது, அவர் தண்டிக்கப்பட்டார். பின்னர் அவர் நிலத்தை விட்டுவிட்டுக் கடலுக்குள் கல்லையும் சிமெண்டையும் கொட்டி, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து, நீருக்குள்ளேயே கோயிலை எழுப்பினார். கடல் எவருக்கும் சொந்தமில்லை என்பது அவர் கணக்கு. இன்று அது டிரினிடாடின் சுற்றுலாச் சிற்றேடுகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி. அவர் முன்னோர் தென்னிந்தியர் அல்லர். ஆயினும் கரை குறித்த இக்கதையில் அவரைத் தவிர்க்க முடியாது.

தென்னிந்தியர்கள் அங்கே விட்டுச்சென்ற தடயங்களுள் மொழியியலாளருக்கு மிக நெருக்கமானவை குவாதலூப், மார்த்தினிக் கிரியோல் மொழிகளில் எஞ்சியிருக்கும் சமயச் சொற்களும் குடும்பப் பெயர்களும். தமிழைத் தாய்மொழியாகப் பேசுவோர் அங்கே எஞ்சவில்லை. ஆனால் சொற்களின் ஈறுகள் பேசுகின்றன. சிதம்பரம் என்னும் பெயர் அங்கே 'சிதம்பரோம்' ஆகிறது, தாளம் 'தலோம்', மத்தளம் 'மத்தலோம்', நாடகம் 'நத்ரோன்'. எழுத்துத் தமிழின் அம் என்னும் ஈறு பேச்சில் மெய்யாக ஒலிப்பதில்லை. மரம், பணம் என்பவை வாயில் மூக்கொலி ஏறிய ஓகாரம் போன்ற உயிரில் முடிகின்றன. பிரெஞ்சு மொழியில் அத்தகைய மூக்குயிர்கள் இயல்பானவை. எனவே எழுத்தர் தாம் கேட்டதை அப்படியே எழுதினார். மதுரை வீரன் 'மல்தெவிலேன்' என்றும் மாரியம்மன் 'மலியெமேன்' என்றும் ஆனதற்கும் விளக்கம் இதுவே: அன் என்னும் ஈறு பேச்சில் மூக்கொலி ஏறிய ஏகாரமாகச் சாயும். நாகூர் மீரா 'நகுமிலா' ஆகி, கப்பலில் வந்த இந்துக்களின் வழிபாட்டில் கொடிக்கம்பத்துடன் இடம்பெறுகிறார். கடலைக் கடந்தவர்கள் கடற்பயணிகளின் காவலரை மதம் பார்த்து விட்டுவிடவில்லை. தமிழகத்துப் பதிப்பாளர்கள் அக்காலத்துப் பேச்சுத் தமிழை அச்சில் ஏற்றத் தயங்கிக்கொண்டிருந்தபோது, தமிழ் அறியாத பிரெஞ்சு எழுத்தர் ஒருவர் கூலிகளின் உண்மையான உச்சரிப்பைப் பதிவு செய்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்க முரண்.

உணவுச் சொல் ஒன்று இன்னும் சுவையானது. இவ்விரு தீவுகளுக்கும் செல்லும் பயணி கடற்கரை உணவகத்தில் தவறாமல் காண்பது 'கொலம்போ' என்னும் மசாலாக் குழம்பு. கோழியிலும் வெள்ளாட்டிறைச்சியிலும் செய்வார்கள். பெயர் இலங்கைத் தலைநகரை நினைவூட்டினாலும் அது 'குழம்பு' என்பதன் திரிபு என்றே பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் ழகரம் லகரமாகியிருக்கிறது. வட ஆர்க்காட்டுப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் யகரமாகும். பழம் 'பயம்' ஆவதுபோல. ழகரத்தை ளகரமாக ஒலிப்பது தெற்கத்திய வழக்கு. எனவே கொலம்போ என்னும் சொல்லைத் தீவுக்குக் கொண்டுபோனவர் காவிரிக் கழிமுகத்தைச் சேர்ந்தவராக, காரைக்காலில் கப்பலேறியவராக இருக்கலாம். பிரெஞ்சுக் காது ழகரத்தை லகரமாகக் கேட்டிருக்கவும் கூடும் என்பதால் ஒரு சொல்லை வைத்து இதை உறுதிசெய்ய இயலாது. ஆனால் தனித்தனி மாவட்டப் பேச்சுகளின் தடயங்களை இக்கிரியோல்களில் தேடும் ஆய்வு செய்யத்தக்கது. குறிப்பாகத் தெலுங்கின் பங்கு. அங்கே எல்லாத் தென்னிந்தியரும் 'மலபார்' என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடைக்கப்பட்டார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து போனவர் வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசியவராக இருந்திருந்தால், அவருடைய ஒரு மொழி கப்பலிலேயே கரைந்துபோயிருக்கும்.

புறப்பட்ட ஊர் எந்த ஆட்சிக்குட்பட்டது என்பது இரண்டு தலைமுறைக்குப் பின் எதிர்பாராத எடை பெற்றது. பாண்டிச்சேரியில் பிறந்தவர் பிரெஞ்சுக் குடிமகனாகும் வழியில் இருந்தவர்; பாகாலாவிலோ சித்தூரிலோ பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. இருவரும் ஒரே கப்பலில் வந்து ஒரே வயலில் கரும்பு வெட்டியவர்கள். குவாதலூப்பிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, உங்கள் தகப்பன்மார் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதே மறுப்பாக வந்தது. கப்பெஸ்தெர் நகரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரோம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீடித்தது. அதன் பின்னரே இந்திய வம்சாவளியினரின் பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள். அவர் வழிவந்த உரிமையின் தொடர்ச்சியாகவே எர்னெஸ்ட் முத்துசாமி போன்ற ஒருவர் பிற்காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும், கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற சென் பிரான்சுவா நகரின் மேயராகவும் ஆக முடிந்தது. கரையில் சீட்டின்றி நின்றால் பிடிபடக்கூடியவரின் வழித்தோன்றல் அதே கரையை நிர்வகித்தார். இதைப் பெரிய வெற்றிக்கதையாக்க வேண்டியதில்லை. தோட்டங்களிலேயே தங்கிப்போனவர்கள் அவரைவிடப் பன்மடங்கு.

எஞ்சியிருப்பது திரும்புதல். ஒப்பந்தம் திரும்பும் பயணத்தை வாக்களித்தது. குவாதலூப்புக்குச் சென்ற சுமார் 42,000 பேரில் திரும்பி வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. திரும்பாதவர்களில் பெருந்தொகையினர் விரும்பித் தங்கியவர்கள் அல்லர், இறந்தவர்கள். குடியேற்றத்தைப் பிரிட்டிஷ் இந்திய அரசு 1888இல் நிறுத்தியதற்கு இந்த இறப்பு விகிதமும், தொழிலாளரை நடத்திய விதமும் காரணங்கள். உயிருடன் இருந்தவர்களுக்கும் கப்பல் எளிதில் கிடைக்கவில்லை. மறு ஒப்பந்தத்துக்கு ஊக்கத்தொகை கிடைத்தது, திரும்பும் கப்பலுக்குக் காத்திருப்பு கிடைத்தது. பாண்டிச்சேரியைச் சேர்ந்த புவியியலாளர் சிங்காரவேலு குவாதலூப் இந்தியர்களைப் பற்றி 1975இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே இக்கணக்குகள் ஆய்வுலகில் பரவலாகத் தெரியவந்தன. தமிழில் இன்றுவரை இவை பாடநூல்களை எட்டவில்லை. ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடிய பாரதி, பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பல் புறப்பட்ட அதே பாண்டிச்சேரியில் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்தவர். அவர் அங்கே வந்தபோது டிப்போக்கள் மூடி இருபதாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு நகரம் இருபதாண்டுகளில் எவ்வளவு மறக்க முடியும் என்பதற்கு இது ஓர் அளவு.

பிரிட்டிஷ் கயானாவிலிருந்து திரும்புவோரை ஏற்றிக்கொண்டு 'ரிசர்ஜென்ட்' என்னும் கடைசிக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது 1955இல். இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து தீவாந்தர சிட்சையை நீக்கி, அவ்விடத்தில் ஆயுள் சிறைத் தண்டனையை வைத்த திருத்தச் சட்டமும் அதே 1955ஆம் ஆண்டினது. சொல் அதற்குப் பின் மெல்ல வழக்கொழிந்தது. 'தீவு' என்னும் சொல் விளம்பரங்களுக்கு விடுவிக்கப்பட்டது.

இன்று இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஜமைக்கா, பார்படோஸ் போன்ற சில தீவுகளுக்கு முன்கூட்டியே விசா பெறாமல் செல்லலாம். மார்த்தினிக்கும் குவாதலூப்பும் 1946 முதல் பிரான்சின் மாநிலப் பிரிவுகள். அங்கே செல்லப் பிரெஞ்சு விசா வேண்டும். விண்ணப்பப் படிவம் பயணத்தின் நோக்கத்தைக் கேட்கும், தங்குமிடத்தைக் கேட்கும், திரும்பும் சீட்டின் நகலையும் கேட்கும்.